வாலைப் பிடித்து வரைவது

போன வாரம் அக்கா மகள் தன் கரிம வேதியியல் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். இடது பக்கம் முழுக்கப் பெயர்கள், வலது பக்கம் பெரும்பாலும் காலி. "பின்வரும் சேர்மங்களின் அமைப்பு வாய்ப்பாட்டை வரைக" என்று மேலே ஒரு வரி, அதாவது பெயரைப் பார்த்து எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது என்று படம் போட வேண்டும். முதல் நான்கை எப்படியோ ஒப்பேற்றியிருந்தாள். ஐந்தாவதில் மாட்டிக்கொண்டாள்: 4-எத்தில்-3-மெத்தில்ஹெப்ட்-5-ஈன்-2-ஓன்.

"மாமா, எத்தில்னா ரெண்டு கார்பன். சரி, ரெண்டு போட்டேன். அது நாலாவதுல இருக்கணுமாம். எதோட நாலாவது?"

கேள்வி சரியான கேள்விதான். பதிலைத்தான் அவள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள். இடமிருந்து வலமாக, செய்தித்தாள் படிப்பது மாதிரி, முதலில் கண்ணில் பட்ட எத்திலை வரைந்துவிட்டு அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் முழித்தாள். சட்டையே இல்லாமல் பொத்தானைத் தைக்க ஊசியை எடுத்த கதை.

நானும் இதே இடத்தில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறேன். எனக்கு விடிவு வந்தது ஒரு ஆசிரியர் போகிற போக்கில் சொன்ன ஒரே வார்த்தையால். "பின்னாலிருந்து படிடா" என்றார். அவ்வளவுதான். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். ஏன் பின்னாலிருந்து என்பது எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது, புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் தமிழ் பேசுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தரவே தேவையில்லை.

'நடந்தான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'நட' பகுதி. கடைசியில் இருக்கும் 'ஆன்' விகுதி, நடந்தது ஓர் ஆண் என்று அதுதான் சொல்கிறது. காலத்தைச் சொல்வது நடுவில் இருக்கும் இடைநிலை. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் என்று பிரித்துப் பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அதேதான் இங்கேயும். 'ஹெப்ட்' பகுதி: ஏழு கார்பன். 'ஓன்' விகுதி: இது ஒரு கீட்டோன், அதாவது சங்கிலியின் நடுக் கார்பன் ஒன்றோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்தது. நடுவில் இருக்கும் 'ஈன்' இடைநிலை: சங்கிலியில் எங்கோ ஓர் இரட்டைப் பிணைப்பு. அதற்கு முன்னால் வரும் எத்தில், மெத்தில் எல்லாம் வெறும் அடைமொழிகள். 'சிவப்புச் சட்டை போட்ட உயரமான பையன்' என்றால் நாம் கடைசியில் வரும் பையனைத்தான் முதலில் மனதில் நிறுத்துகிறோம், சட்டையை அப்புறம் மாட்டிவிடுகிறோம். வேதிப்பெயரிலும் பையன் கடைசியில்தான் நிற்கிறான்.

புணர்ச்சி விதிகூட இருக்கிறது, வேடிக்கை என்னவென்றால். மூன்று கார்பன் உள்ள புரப்பேனை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஓர் 'இ' (e) எழுத்து வரும். அதோடு ஆல் விகுதி சேர்ந்தால் அந்த 'இ' காணாமல் போகும், விகுதி உயிரெழுத்தில் தொடங்குவதால். அதே புரப்பேனோடு டையால் சேர்ந்தால், அதாவது இரண்டு ஆல்கஹால் தொகுதிகள் என்றால், 'டை' மெய்யில் தொடங்குவதால் 'இ' அப்படியே நிற்கும். காசு இல்லை என்பது காசில்லை ஆகிறது, காசு கொடு என்பது அப்படியே இருக்கிறது. நம் குற்றியலுகரம் செய்கிற வேலையை அங்கே அந்த 'இ' செய்கிறது. இதை நான் ஒருநாள் தற்செயலாகக் கவனித்தபோது அன்று முழுக்க ஒரே குஷி. தேர்வுக்குப் பயன்படாத குஷி, இருக்கட்டும்.

சரி, அந்த ஐந்தாவது கணக்கு. நோட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பெயரின் முன்பாதியை அவள் கையால் மறைக்கச் சொன்னேன். தெரிந்தது 'ஹெப்ட்-5-ஈன்-2-ஓன்' மட்டும். ஹெப்ட் என்றால் ஏழு, ஏழு புள்ளிகளை மேலும் கீழுமாக வளைந்து செல்கிற மாதிரி வை, கோட்டால் சேர், ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் பென்சிலால் 1 முதல் 7 வரை எழுது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று உடனே கேட்டாள். எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும். பெயர் வைத்தவர்தான் எந்த முனையிலிருந்து எண்ணினால் சிறிய எண் வரும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், வரைகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. இடமிருந்து வரைந்தாலும் வலமிருந்து வரைந்தாலும் தாளைத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான்.

2-ஓன்: இரண்டாவது புள்ளியில் இரட்டைக் கோடு போட்டு மேலே ஆக்சிஜனை வை. 5-ஈன்: ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொரு கோடு. ஏன் ஆறு என்று சொல்லவில்லை என்றால், பிணைப்பு தொடங்கும் இடத்தைச் சொன்னால் போதும், அது அடுத்த கார்பனில்தானே முடியும். இப்போது கையை எடு. 3-மெத்தில்: மெத்தில்னா ஒரு கார்பன், மூன்றாவது புள்ளியிலிருந்து ஒரு குச்சி. 4-எத்தில்: நான்காவதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடுள்ள குச்சி.

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான். 'எதோட நாலாவது' என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது, பென்சிலில் எழுதிய 4 அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஆனால் அவளை எழுந்து போக விடவில்லை, ஏனென்றால் வரைந்தது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. அணுக்களை எண்ணுவது. இதில் 10 கார்பன். இரட்டைப் பிணைப்போ வளையமோ இல்லாத 10 கார்பன் சங்கிலியில் 22 ஹைட்ரஜன் இருக்கும் (இரண்டால் பெருக்கி இரண்டைக் கூட்டு). ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும், ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் குறையும். இங்கே ஆக்சிஜனோடு ஒன்று, கார்பன்களுக்குள் ஒன்று, ஆக இரண்டு இரட்டைப் பிணைப்புகள். 22-இல் 4 போக 18 வர வேண்டும். படத்தில் ஒவ்வொரு மூலையாகப் போய் எண்ணினாள்: 3, 0, 1, 1, 1, 1, 3, மெத்திலில் 3, எத்திலில் 5. பதினெட்டு. அந்த எண் சரியாக வந்தபோது அவள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, விடைத்தாளில் சிவப்பு மையில் வரும் டிக்கைவிட அது நல்ல டிக்.

கார்பனை எழுதாமல் கோடும் மூலையுமாக வரையும் கோட்டு வாய்ப்பாட்டில் பழகியவர்களுக்குக் கண் ஏமாற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஐந்து கார்பன் உள்ள பென்டேனை வரையச் சொன்னால் பத்தில் நான்கு பேராவது ஐந்து கோடு போடுவார்கள் (இது என் மதிப்பு, கணக்கெடுப்பு ஒன்றுமில்லை). ஐந்து கோடு போட்டால் ஆறு முனைகள், அது ஆறு கார்பன் உள்ள ஹெக்சேன். வேலிக்கம்பு நட்டவர்களுக்கு இது தெரியும், ஐந்து கம்புக்கு நடுவே நான்கு இடைவெளிதான். கார்பன் என்பது கம்பு, கோடு இல்லை. அதனால்தான் நான் எப்போதும் முதலில் புள்ளி வை, அப்புறம் சேர் என்று சொல்வது. புள்ளிக்கோலம் போடுகிற மாதிரி. இந்த வளைந்த கோடு சும்மா அழகுக்கு வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், நான்கு ஒற்றைப் பிணைப்புள்ள கார்பனில் கோணம் ஏறக்குறைய 109.5 டிகிரி, அதனால் சங்கிலி உண்மையிலேயே மடிந்து மடிந்துதான் போகிறது. முப்பிணைப்பு வந்தால் மட்டும் மடிப்பு கிடையாது, அங்கே 180 டிகிரி, நான்கு அணுக்கள் ஒரே நேர்கோட்டில் விறைப்பாக நிற்கும். அதையும் வளைத்து வரைகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பிறவி வேதியியலாளன் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு தேர்வில் '3-மெத்தில்பென்டனல்' என்று கேட்டிருந்தார்கள். நான் ஆல்கஹாலை வரைந்தேன். அல் என்றால் ஆல்டிஹைடு, ஆல் என்றால் ஆல்கஹால், குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள ஒரே ஒரு கால் வித்தியாசம். ஏன், ஈன், ஐன் என்று பியூட்டேன், பியூட்டீன், பியூட்டைன் போவதும் இப்படித்தான், ஓர் உயிர் ஒலி மாறினால் ஒற்றைப் பிணைப்பு இரட்டையாகிவிடும், இரட்டை முப்பிணைப்பாகிவிடும். கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பெயரிலேயே ஒரு துப்பு இருந்தது, அதைப் பார்க்காததுதான் என் உண்மையான தப்பு. ஆல்கஹால் என்றால் அது எந்தக் கார்பனில் என்று எண் சொல்லியாக வேண்டும், பென்டன்-1-ஆல், பென்டன்-2-ஆல் என்று. இங்கே வாலில் எண்ணே இல்லை. ஆல்டிஹைடும் கார்பாக்சிலிக் அமிலமும் சங்கிலியின் முனையில்தான் உட்கார முடியும், அவை இருக்கும் கார்பன்தான் ஒன்று, அதனால் அவற்றுக்கு எண் தேவையில்லை. எண் இல்லாததும் ஒரு தகவல்தான் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு மதிப்பெண் போயிருக்காது.

இவ்வளவு எண்ணும் ஒட்டும் எதற்கு என்று எரிச்சல் வருவது நியாயம். மூலக்கூறு வாய்ப்பாட்டை மட்டும் சொன்னால் என்ன? போதாது. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்று சொன்னால் அது 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் எத்தனாலாகவும் இருக்கலாம், பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடும் டைமெத்தில் ஈதராகவும் இருக்கலாம். ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள 10 கார்பன் ஆல்கேனுக்கு 75 மாற்றியங்கள், அதாவது ஒரே வாய்ப்பாட்டுக்கு 75 வேறு வேறு அமைப்புகள். 20 கார்பன் என்றால் 3,66,319. இத்தனைக்கும் ஒவ்வொன்றுக்கும் கண்டுபிடித்த இடத்தையும் பொருளையும் வைத்துப் பெயர் சூட்டிக்கொண்டே போக முடியுமா? முதலில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எறும்பிலிருந்து கிடைத்ததால் எறும்பின் லத்தீன் பெயரில் ஃபார்மிக் அமிலம், ஆட்டின் லத்தீன் பெயரில் காப்ரிக் அமிலம். அழகான பெயர்கள்தான், ஆனால் எறும்பு என்று சொன்னால் எறும்பைத்தான் வரையலாம், மூலக்கூறை வரைய முடியாது.

1892 ஏப்ரலில் ஜெனீவாவில் ஐரோப்பாவின் முக்கிய வேதியியலாளர்கள் கூடி, பெயர் என்பது அமைப்பைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சங்கிலியை எடு, எண் போடு, விகுதி சேர் என்கிற முறைக்கு அங்கேதான் அடித்தளம். வேதிப்பெயர்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசி பிறந்தது 1919-இல், அதன் விதிகள் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

அந்த ஜெனீவாக் கூட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூப்பர் ஞாபகம்தான் வரும். ஆர்ச்சிபால்ட் ஸ்காட் கூப்பர், ஸ்காட்லாந்துக்காரர். 1858-இல் பாரிஸில் வூர்ட்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் இருந்தபோது, கார்பனுக்கு நான்கு கைகள், கார்பனும் கார்பனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாக நீளும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அணுக்களின் எழுத்துகளுக்கு நடுவே கோடு போட்டும் காட்டினார், இன்றைக்கு நாம் நோட்டில் இழுக்கும் அதே பிணைப்புக் கோடு. கட்டுரையை பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் சமர்ப்பிக்க வூர்ட்ஸிடம் கொடுத்தார். அது தாமதமானது. அதற்குள் ஜெர்மனியில் கெகுலே என்ற வேதியியலாளர் ஏறக்குறைய அதே கருத்தை அச்சில் கொண்டுவந்துவிட்டார். கூப்பர் வூர்ட்ஸோடு சண்டை போட்டார், ஆய்வகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார், ஊர் திரும்பினார், மனம் உடைந்தது, அதன் பிறகு வேதியியல் பக்கமே வரவில்லை. இத்தனைக்கும் கெகுலே அந்தக் காலத்தில் வரைந்த படங்கள் நீளமும் குட்டையுமான உருளைகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும், வரைவதற்கு உதவாது. கோடுதான் நின்றது. 1864-இல் எடின்பரோவில் கிரம் பிரவுன் அணுக்களை வட்டத்துக்குள் போட்டுக் கோடுகளால் இணைத்து வரைந்தார், வட்டம் மறைந்து எழுத்தும் கோடும் மிஞ்சின, பிறகு எழுத்தும் மறைந்து மூலையும் கோடும் மட்டும் மிஞ்சின. கூப்பர் இறந்தது 1892 மார்ச்சில். ஜெனீவாவில் அவர்கள் கூடுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு.

வகுப்புகளில் பெயரிடுவதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு வரைவதை அதன் திருப்பிப்போட்ட வடிவமாகக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இது தலைகீழ் என்பது என் கட்சி. பெயரிடும்போது எந்தச் சங்கிலி, எந்த முனை, எந்தத் தொகுதிக்கு முன்னுரிமை என்று ஏகப்பட்ட தீர்மானங்கள் எடுக்க வேண்டும். வரையும்போது அந்தத் தீர்மானங்களை எல்லாம் ஏற்கெனவே வேறு யாரோ எடுத்துவிட்டார், நாம் சொன்னதைச் செய்தால் போதும். சங்கிலியில் ஒட்டும் பதிலிகளை எந்த வரிசையில் எழுதுவது என்ற தொல்லைகூட இல்லை. அது ஆங்கில அகரவரிசை. புரோமோ முதலில், குளோரோ அடுத்து. நம் அகரவரிசைப்படி குளோரோதான் முந்த வேண்டும், ஆனால் நம்மை யார் கேட்டார்கள். வரைகிறவருக்கு எது முதலில் வந்தாலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பெயர் தப்பாக இருந்தாலும் வரைய முடியும், வரைந்து முடித்ததும் படமே அந்தத் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். '2-எத்தில்புரப்பேன்' என்று ஒரு பெயர் கொடுங்கள். மூன்று புள்ளி வைத்து நடுவில் எத்திலை மாட்டியதும் பார்த்தால், எத்தில் வழியாகப் போகும் பாதையில் நான்கு கார்பன் இருக்கிறது. நீளமான சங்கிலி அதுதான். அப்படியானால் இது 2-மெத்தில்பியூட்டேன், வேறு வேஷம் போட்டு வந்திருக்கிறது. இதைவிட எனக்குப் பிடித்தது வரையவே முடியாத பெயர்கள். '2,2-டைமெத்தில்புரப்-1-ஈன்'. படிக்க ரொம்ப மரியாதையாக இருக்கிறது, விதிப்படி ஒட்டெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வரைந்து பாருங்கள். இரண்டாவது கார்பனிலிருந்து ஒன்றாவதுக்கு இரண்டு கோடு, மூன்றாவதுக்கு ஒன்று, இரண்டு மெத்திலுக்கு இரண்டு. ஐந்து கை. கார்பனுக்கு நான்குதான். இப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை என்று எந்த ஆய்வகமும் இல்லாமல் பென்சில் மட்டும் வைத்துச் சொல்லிவிடலாம்.

விதிகள் மாறினாலும் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. பழைய விதிப்படி இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலியைத்தான் முதன்மைச் சங்கிலியாக எடுக்க வேண்டும். 2013-இல் ஐயுபிஏசி வெளியிட்ட பரிந்துரைகளில் நீளத்துக்குத்தான் முதலிடம், இரட்டைப் பிணைப்பு அப்புறம்தான். அதனால் நாங்கள் 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்று படித்தது இப்போது 3-மெத்திலிடீன்ஹெக்சேன். இரண்டையும் வரைந்தால் அச்சு அசலாக ஒரே படம். அதே பரிந்துரைகளில் ஃபார்மிக் அமிலத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் விரும்பத்தக்க பெயர்களாக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை. எறும்பை விரட்ட முடியவில்லை.

அடைப்புக்குறி வரும்போதுதான் நிறையப் பேர் பேனாவை மூடிவிடுகிறார்கள். மாத்திரை அட்டையின் பின்புறம் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதில் ஐபுபுரோஃபென் என்று போட்டிருக்கும், அதன் முழுப் பெயர் 2-[4-(2-மெத்தில்புரப்பைல்)ஃபீனைல்]புரப்பனாயிக் அமிலம். இதில் 2 என்ற எண் இரண்டு தடவை வருகிறது, இரண்டும் வேறு வேறு. ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஒரு தனித் தெரு, கதவு எண் அந்தத் தெருவுக்குள் மட்டும்தான் செல்லும், எண்ணுவது தெரு முனையிலிருந்து, அதாவது வெளியே ஒட்டும் இடத்திலிருந்து. மறுபடியும் வாலைப் பிடியுங்கள். புரப்பனாயிக் அமிலம்: மூன்று கார்பன், ஒன்றாவது அமிலத் தொகுதி. இரண்டாவதில் ஏதோ தொங்குகிறது. என்ன அது? சதுர அடைப்புக்குறியின் வாலைப் பார், ஃபீனைல், பென்சீன் வளையம். அது ஒட்டிய மூலை ஒன்று, அங்கிருந்து எண்ணினால் நான்காவது மூலை நேர் எதிரே. அங்கே தொங்குவது உள் அடைப்புக்குறி: 2-மெத்தில்புரப்பைல், மூன்று கார்பன் குச்சி, அதன் நடுவில் ஒரு மெத்தில். முடிந்தது. 13 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது அந்த மருந்தின் சின்னப் பெயரைப் பாருங்கள்: ஐ-பு என்பது ஐசோபியூட்டைல், அந்த 2-மெத்தில்புரப்பைலின் பழைய பெயர்; புரோ என்பது புரோப்பியோனிக், புரப்பனாயிக்கின் பழைய பெயர்; ஃபென் என்பது ஃபீனைல். மொத்த மூலக்கூறையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள். பாராசிட்டமால் என்பதும் அசெட்டமினோஃபென் என்பதும் ஒரே மருந்து என்று பலருக்குத் தெரியும், பாரா-அசெட்டில்அமினோஃபீனால் என்ற ஒரே நீளப் பெயரை ஆளுக்கொரு இடத்தில் வெட்டிக் கிடைத்தவை அவை என்பதுதான் எனக்கு ருசியான செய்தி.

சில பெயர்கள் பார்க்க நீளமாக இருக்கும், ஆனால் வரைய உட்கார்ந்தால் கையை விரிக்கும். டிடிடி என்று உலகம் அறிந்த பூச்சிக்கொல்லி 1874-லேயே தயாரிக்கப்பட்டது, அது பூச்சியைக் கொல்லும் என்று பால் முல்லர் 1939-இல் கண்டார், 1948-இல் நோபல் பரிசும் வாங்கினார். அதன் விரிவு டைகுளோரோடைஃபீனைல்டிரைகுளோரோஈத்தேன். எவ்வளவு நீளம்! ஆனால் எண் ஒன்றுகூட இல்லை. குளோரின்கள் வளையத்தில் எந்த மூலையில், ஈத்தேனில் எந்தக் கார்பனில் மூன்று, வளையங்கள் இரண்டும் ஒரே கார்பனிலா வேறு வேறிலா? எதுவும் தெரியாது. 1,1,1-டிரைகுளோரோ-2,2-பிஸ்(4-குளோரோஃபீனைல்)ஈத்தேன் என்று சொன்னால் (பிஸ் என்றால் இரண்டு) ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம்.

அக்கா மகளின் ஐந்தாவது கணக்கிலும் கொஞ்சம் இப்படித்தான். அந்தப் பெயரும் முழுசாகச் சொல்லவில்லை. 5-க்கும் 6-க்கும் நடுவில் உள்ள இரட்டைப் பிணைப்பின் இரு பக்கமும் உள்ள தொகுதிகள் ஒரே பக்கமா எதிர்ப்பக்கமா என்று சொல்ல இசட் அல்லது ஈ என்ற எழுத்து முன்னால் வர வேண்டும். 3-ஆவதும் 4-ஆவதும் கைரல் கார்பன்கள், அதாவது நான்கு கையிலும் நான்கு வேறு தொகுதிகள் உள்ளவை, அவை ஒவ்வொன்றும் இரண்டு விதமாக அமையலாம், எது என்று சொல்ல ஆர் அல்லது எஸ். ஆக ஒரே பெயருக்குள் எட்டு வேறு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. இது சும்மா எழுத்து விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஒலீயிக் அமிலம் 9-ஆவது கார்பனில் இசட் வடிவம், 13, 14 டிகிரியிலேயே உருகிவிடும். அதே அமிலத்தின் ஈ வடிவம் 40 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். வளைந்த சங்கிலி சரியாக அடுக்க வராது, நேரான சங்கிலி அடுக்க வரும். அவள் பாடத்துக்கு இது இன்னும் வரவில்லை, அதனால் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

கடைசியாக நான் ஆசைப்பட்டு ஒன்றைக் கொடுத்தேன், அவள் நோட்டில் இல்லாதது. கற்பூரம். 1,7,7-டிரைமெத்தில்பைசைக்ளோ[2.2.1]ஹெப்டன்-2-ஓன். பார்த்ததும் நோட்டை மூடப் போனாள். "பேரைப் பாத்து பயப்படாத, இதுதான் இருக்கறதுலயே நேர்மையான பேரு" என்றேன். சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று எண்கள் மூன்று பாதைகள். எதிரெதிரே இரண்டு புள்ளி வை. அவற்றை மூன்று பாதைகளால் சேர்: ஒரு பாதையில் இரண்டு கார்பன், இன்னொன்றில் இரண்டு, மூன்றாவதில் ஒன்றே ஒன்று. இரண்டும் இரண்டும் ஒன்றும் ஐந்து, முனைப் புள்ளிகள் இரண்டைச் சேர்த்தால் ஏழு, ஹெப்ட் சரி. எண் போடுவது முனைப் புள்ளியில் 1 என்று தொடங்கி, நீளமான பாதையில் 2, 3 என்று போய், எதிர் முனையில் 4, அடுத்த பாதையில் 5, 6 என்று திரும்பி வந்து, மிச்சமிருக்கும் குட்டைப் பாதையில் 7. இரண்டில் ஆக்சிஜன், ஒன்றில் ஒரு மெத்தில், ஏழில் இரண்டு.

இரண்டு தடவை அழித்துவிட்டு மூன்றாவது தடவை வரைந்தாள். சொல்லாமலே எண்ணவும் தொடங்கினாள். 10 கார்பன், 16 ஹைட்ரஜன். இருபத்திரண்டிலிருந்து ஆறு குறைகிறது, வளையம் இரண்டு, இரட்டைப் பிணைப்பு ஒன்று. சரியாக வந்தது.

அப்புறம் அவளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. அடைப்புக்குறி எண்களைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பைசைக்ளோ[1.1.1]பென்டேன் என்று எழுதி, இப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று பந்தயம் கட்டினாள். வரையச் சொன்னேன். இரண்டு முனை, நடுவில் மூன்று பாதை, பாதைக்கு ஒரு கார்பன், எந்தக் கார்பனுக்கும் ஐந்தாவது கை இல்லை. இருக்கிறது, 1964-லேயே செய்துவிட்டார்கள், இன்றைக்கு மருந்து தயாரிப்பவர்கள் பென்சீன் வளையத்துக்குப் பதிலாக அதைச் செருகிப் பார்க்கிறார்கள் என்றேன். நம்பாமல் முறைத்தாள்.

சும்மா இருப்பாளா, அடுத்த வரியில் பைசைக்ளோ[0.0.0]ஈத்தேன் என்று எழுதினாள். இப்படி யாரும் பெயர் வைக்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வரைய ஆரம்பித்துவிட்டாள். இரண்டு புள்ளி. மூன்று பாதை. ஒரு பாதையிலும் கார்பன் இல்லை, வெறும் கோடுதான். ஒன்று, இரண்டு, மூன்று. இரு பக்கமும் மிச்சமிருந்த ஒவ்வொரு கைக்கும் ஒரு ஹைட்ரஜனைப் போட்டுவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"மாமா! இது ஈத்தைன்!"